மூன்று பகலும் மூன்று இரவும்

எனக்குத் தேத்தண்ணியில சீனி போடாதேங்கோ தம்பி, சீனி வருத்தம். பொலிஸ் எண்டாலும் கதிரையில இருத்தி மரியாதையாக் கேக்கிறியள். சொல்லுறன்.

என்ர மனுசன் சில்வெஸ்ரர் வேலையால இளைப்பாறின நாளில இருந்து போனும் கையுமா ஒரு ஆராய்ச்சி. ஆண்டவர் மூண்டு பகலும் மூண்டு இரவும் மண்ணுக்குள்ள இருப்பாரெண்டு வேதப் புத்தகத்தில, மத்தேயுவில கிடக்கு. வெள்ளி பின்னேரம் அடக்கி ஞாயிறு விடிய உயிர்த்தால் ரெண்டு இரவுதானே எண்டு கேப்பார். மாற்கில பெண்டுகள் யூதற்ர சனிக்கிழமை ஓய்வுநாள் முடிஞ்சு ஆண்டவற்ர உடலுக்குப் பூச வாசனைப் பொருள் வாங்கினவை, லூக்காவில ஓய்வுநாளுக்கு முதலே ஆயத்தம் பண்ணினவை. ஆகவே அந்தக் கிழமை ரெண்டு ஓய்வுநாளாம், ஆண்டவர் செத்தது புதன்கிழமையாம். ரெண்டாயிரம் வருசமா ஒருத்தருக்கும் பிடிபடாததைக் இந்தக் கரம்பொன் ஊரில சாரத்தைக் கட்டிக்கொண்டு இருந்து கண்டுபிடிச்ச ஆள்.

அந்தக் காலத்து யூதர் நாளில ஒரு துண்டையும் முழுநாளா எண்ணுறவை. வெள்ளி ஒண்டு, சனி ரெண்டு, ஞாயிறு மூண்டு. காலமெல்லாம் மறைக்கல்வி படிப்பிச்ச எனக்குத் தெரியாதே? இவர் வகுப்பு வாசலில வந்து நிண்டு, "உங்கட ரீச்சருக்கு மூண்டு மட்டும் எண்ணத் தெரியாது" எண்டார். பிள்ளையள் சிரிச்சதுகள். பிறகு என்னைக் கண்டால் விரலை மடிச்சு மடிச்சுக் காட்டுங்கள்.

பெரிய வெள்ளியண்டு ஊரே கோயிலுக்கு வெளிக்கிடுது. இவர் ஏணி வைச்சு, வளவில நிலத்துக்குள்ள கட்டின மழைத்தண்ணித் தொட்டியை உரஞ்ச இறங்கினார். தொட்டி வத்திக் கிடந்தது.

"இண்டைக்கும் வேலையே?" எண்டன்.

"பெரிய வெள்ளி புதனோட முடிஞ்சுது மாக்கிறேற். நீர் போய் அழுதிட்டு வாரும்."

ஏணியை மேல இழுத்தன். "மூண்டாம் நாள் திறப்பன்" எண்டன்.

"ஆற்ற கணக்கில, உம்மடயிலயோ என்ரயிலயோ?" எண்டு கேட்டுச் சிரிச்சவர். பகிடிக்கார மனுசன். இரும்பு மூடியைப் போட்டிட்டுப் போய்ச் சிலுவைக்கு முத்தம் குடுத்தன்.

சனி மத்தியானம் வாளியால சுவரில தட்டினார். "இஞ்சாரும், உம்மட கணக்குத்தான் சரி. பிள்ளையளுக்கு முன்னாலயே சொல்லுறன். திறவும், மூச்சு முட்டுது."

கேக்க மனம் குளிர்ந்தது. ஆனா நீங்களே சொல்லுங்கோ தம்பி, சனி திறந்தால் அது ரெண்டாம் நாள். வெளியில வந்து அதையும் சொல்லிப் பகிடி பண்ணுவார்.

ஞாயிறு விடியப் பூசைக்கு மணி அடிக்கத் திறந்தன். சனி இரவே போயிட்டாரெண்டு டொக்டர் எழுதியிருக்கிறாராம். அது டொக்டற்ர கணக்கு.

மூண்டாம் நாள் திறப்பனெண்டன், மூண்டாம் நாள் திறந்தன். எழும்பி வராதது அவற்ர பிழை.