பக்கத் தையல்

ஐம்பதுக்கு மேல் உடம்பை இளைக்க வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. எங்கள் தெருவில் எவளைக் கேட்டாலும் சொல்வாள். எதிர்வீட்டுக்காரி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறாள். திரும்பும் வழியில் ரொட்டிக் கடையில் உட்கார்ந்து, போன சதையை மரியாதையாக அழைத்து வருகிறாள். மூலைவீட்டு டீச்சர் காலையில் நடக்கிறாள். காலைவிட வாய்தான் அதிக தூரம் போகிறது. நான் அப்படியில்லை. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து தட்டில் பாதி காய், இனிப்பு கிடையாது, விடிந்ததும் நடை. மூன்று வருடம் ஓடிவிட்டது. இடுப்பு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மாடியில் இருந்த என் ஓரகத்திக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. பஸ் கம்பெனி டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்த இடத்து வேலை. இழுப்பறை நிறைய பிஸ்கட். அவள்தான் இளைக்க ஆரம்பித்தாள்.

"என்னடி ரகசியம்?" என்று தெருவே அவளைச் சூழ்ந்துகொண்டது.

"ஒண்ணும் பண்ணலைக்கா. தானா குறையுது. உடம்பு வாகு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "பாவம், எங்க அக்காதான் ஆடு மாதிரி தழையா மேயறாங்க. ஒரு பிடி கரையலை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். தொளதொளத்துப்போன அவளுடைய சீருடைச் சட்டைகள் என்னிடம்தான் வந்தன. பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே தள்ளிப் பிடித்து, மறுபடி ஓட்ட வேண்டும். அளவு எடுக்கும்போது ஆளை நன்றாகப் பார்க்கலாம். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கண்ணின் வெள்ளையில் லேசாக மஞ்சள். முதுகு வலிக்கிறது என்றாள், சாப்பாடு மண்ணாக இருக்கிறது என்றாள்.

என் வீட்டுக்காரரும் இப்படித்தான் இளைத்தார். ஊரே அவரை மெச்சியது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கொஞ்சம் முன்னாடியே கூட்டி வந்திருக்கலாமே அம்மா என்றார் டாக்டர். அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம்.

ஓரகத்தியிடம், "இந்த வயசுல இப்படி இளைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்டி" என்றேன்.

ஒரு மதியம் சட்டையும் கையுமாக இறங்கி வந்தாள். "திரும்பவும் லூசாயிடுச்சுக்கா. பயமா இருக்கு. அவர் சனிக்கிழமைக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டார்."

"குடு, முதல்ல இதைச் சரி பண்ணலாம்" என்றேன்.

அளவு எடுத்தேன். அளவைவிட ஒரு விரல் கூடுதலாக உள்ளே பிடித்துத் தைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. நூல், ஊசி. எதையும் கலந்து கொடுக்கவில்லை, யாரையும் படியிலிருந்து தள்ளவில்லை.

போட்டுப் பார்த்தாள். பொத்தான் திணறியது.

"அக்கா, இறுக்குதே."

"இறுக்காம என்ன செய்யும்? சதை போட்டுட்டே. நீயும் உன் டாக்டரும்."

அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அவர்தான் எதுக்கெடுத்தாலும் பதறுவார்" என்று என் நாற்காலியிலேயே சாய்ந்து உட்கார்ந்து, ஒரு பிஸ்கட்டைப் பாதி கடித்து வைத்தாள். சனிக்கிழமை அவள் டாக்டரிடம் போகவில்லை. பிறகும் சட்டை தளரத் தளரக் கொண்டு வந்தாள். நானும் முகம் கோணாமல் பிடித்துக் கொடுத்தேன்.

கவுண்டரிலேயே அவள் மயங்கி விழுந்தபின்தான் ஆஸ்பத்திரி. அங்கே எடை பார்த்த நர்ஸிடம், உங்கள் மிஷின் தப்பு, எனக்குச் சட்டை பத்தவில்லை என்று சண்டை போட்டாளாம். அது அவள் குணம். கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. டாக்டர் வெளியே வந்து என் கொழுந்தனிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லப்போனபோது, அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்கு அது காதில் விழுந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்தபின் கொழுந்தன் என் அறைக்கு வந்தார். கையில் அவளுடைய சட்டை. உள்பக்கத்தை வெளியே திருப்பியிருந்தார். மடிப்பின் மேல் மடிப்பாக, தையலை ஒட்டித் தையல்.

"அவ இளைச்சுக்கிட்டே இருந்தா. சட்டை மட்டும் எப்படி அண்ணி இறுகிச்சு?"

"நான்தான் கூடுதலாப் பிடிச்சேன்."

"அது என்ன வியாதின்னு தெரியுமா அப்ப?"

"தெரியும் தம்பி."

அவர் அழவில்லை, கத்தவும் இல்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அவ உங்களை அக்கான்னு கூப்பிட்டாளே அண்ணி. ஏன்?"

யோசித்துப் பார்த்தேன். விடிந்தால் எழுந்து நடப்பவளுக்குத்தான் அந்த அலுப்பு புரியும். அவருக்கு எப்படிச் சொல்வது. இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே. எனக்கு அவள்மேல் எந்த வஞ்சமும் இல்லை என்றேன். அவள் மட்டும் அப்போது என்னைப்போலக் கொஞ்சம் குண்டாக இருந்திருந்தால், நானே கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போயிருப்பேன்.