குறையில்லாத ரெண்டு பேரு

அட, அந்தச் சீட்ட ஏன் மறைக்கிறீங்க? நானும் இதே ஆஸ்பத்திரியில, இதே சேர்ல வருஷக்கணக்கா உக்காந்தவதான். இன்னிக்கு என் தங்கச்சிக்குத் துணைக்கு வந்தேன், உள்ள ஸ்கேன் எடுக்குறாங்க. குடுங்க பாப்போம். லெட்ரோசோலா! பரவால்லயே, எடுத்ததும் இதையே குடுக்குறாங்களா இப்ப? மெடிக்கல்ல இது கேன்சர் மாத்திரைம்பான், பயந்துடாதீங்க. அதுக்குன்னு வந்ததுதான், குழந்தை உண்டாக முட்டை வளரவும் குடுக்குறாங்க. கைகால அடிச்சுப் போட்டாப்ல இருக்கும், அவ்ளோதான்.

எனக்கு மொதல்ல குளோமிஃபீன். யப்பா! மார்கழியில ஃபேனுக்கு அடியில வேர்த்து ஊத்துச்சு. முட்டை என்னமோ வளந்துச்சு, கர்ப்பப்பைச் சவ்வு மெலிஞ்சு போச்சுன்னுட்டாங்க. அப்புறம் உங்க மாத்திரை. அப்புறம் ஊசி. ஊசியில மூணு நாலு முட்டைகூட வரும், தங்குற சான்ஸும் கூட. ஆனா ரெண்டு மூணு குழந்தை சேந்து தங்கிட்டா ஆபத்து. கூலிங் போகக் கூடாதேன்னு ஃப்ளாஸ்க்ல ஐஸ் போட்டு, ஊசிய மடியில வச்சுக்கிட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேந்து லால்குடி போவேன். பக்கத்து சீட்டம்மா, என்னடி ரோஸ்மில்க்கான்னாங்க. ஆமாக்கான்னுட்டேன்.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சேன் அப்ப.

ம்ஹூம், ஒண்ணும் தங்கல. ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்ல, காரணமே தெரியலன்னாங்க. உங்களுக்கும் அதேதானா? உங்க வீட்டுக்காரரு விந்து டெஸ்ட இங்க எடுக்கலயா? கூச்சமா இருக்குன்னு மன்னார்புரம் லேபுக்குத் தனியா போனாராக்கும். ம். போவாரு.

இல்லங்க, கோவமெல்லாம் இல்ல. ஒண்ணே ஒண்ணு. இந்த மாத்திரைய முழுங்குறதுக்கு முன்னாடி, அவர இங்கேயே டெஸ்டுக்குக் குடுக்கச் சொல்லுங்க. நீங்க கதவுக்கு வெளியிலயே நில்லுங்க. தம்பிய அனுப்பிடப் போறாரு.

எந்தத் தம்பியா? உங்க கொழுந்தன் சின்னையாதான், வேற யாரு. நெலத்தப் பிரிக்கிற சண்டையில அவனே வாய விட்டான், அண்ணனுக்குப் பதிலா லேபுக்குப் போனது நான்தான்னு. அது நெசமான்னு நான் வாயத் தொறந்து கேட்டேன். அந்த வாரமே மலடின்னு சொல்லி அம்மா வீட்டுல கொண்டாந்து விட்டுட்டாங்க.

பயப்படாதீங்க மலர்க்கொடி. நர்சு உங்க பேரையும் வீரமலைங்குற பேரையும் சேத்துக் கூப்புட்டாங்கல்ல, அப்பவே தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கு முன்னாடி அந்த வீட்டுல இருந்தவ நான்தான்.

அந்தா டீ வாங்கிட்டு வர்றாரு. என்னப் பாத்ததும் எப்படி நிக்கிறாரு பாருங்க.