தண்ணி நிக்கிற குழாய்

யூனுஸ்: மொதல்ல டீயக் குடிங்க, என்ஜினியர் சார்.

அரசப்பன்: மாடியில குழாயப் பாத்துட்டு வந்து…

யூனுஸ்: குழாய் எங்கயும் ஓடாது. எங்க உம்மா உசிரோட உக்காந்திருக்காங்களே, அதப் பாருங்க!

ஷம்சாத்: ஏண்டா, நான் என்ன பொருட்காட்சியா?

அரசப்பன்: தீ எப்படிப் புடிச்சுச்சு, பாய்?

யூனுஸ்: சேலை அடுக்குற ரூம்ல ஒயர் பொசுங்கிருச்சு. அடுத்த ரூம்ல உம்மா. கால் வராது. நான் கடையிலேர்ந்து ஓடுறேன்… படியெல்லாம் பொகை. ஏற முடியல சார்.

ஷம்சாத்: தீயக்கூட தாங்கிருப்பேன். இவன் போட்ட கூப்பாடு இருக்கே…

யூனுஸ்: சும்மா இருங்க உம்மா. திடீர்னு 'சொய்ய்ய்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான்!

அரசப்பன்: தீக்கு நேர் மேல, குழாய்ல இருந்த ஸ்பிரிங்ளர் வாயில சூட்டுக்குக் கண்ணாடிக் குப்பி வெடிச்சு, தண்ணி கொட்டிருக்கும்.

யூனுஸ்: அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் அப்படியே இருக்கு! சினிமாவுல எல்லாம் சேந்து கொட்டுமே?

அரசப்பன்: அது வேற வகை. எல்லா வாயும் தொறந்தே கெடக்கும். எண்ணெய்க் கிடங்குக்குத்தான் சரி.

யூனுஸ்: நான் காத்து அடைச்ச குழாயத்தான கேட்டேன்… பட்டுல ஒழுகிரும்னு பயந்து.

அரசப்பன்: அதுல காத்து வெளிய போனப்புறந்தான் தண்ணி வரும். தண்ணி உறையிற குளிர் ஊருக்கு வேணும்னா போடலாம். பட்டுக்கோட்டைக்கு எதுக்கு? இங்க குழாய்ல எந்நேரமும் தண்ணி நிக்கணும்.

யூனுஸ்: அதுக்காக, அன்னிக்கு 'வேலையே வேணாம்'னு பையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டீங்களே! ஏன் சார் அவ்வளவு கோவம்?

அரசப்பன்: விடுங்க பாய், அது பழைய கதை.

ஷம்சாத்: சொல்லுங்க தம்பி.

அரசப்பன்: எங்களுக்கு வலங்கைமான் பக்கம். உதயசூரியன் மொதத் தடவ ஜெயிச்ச புதுசு, நான் சின்னப் பையன். எங்க ஆளுங்க கூலி நெல்லு கூடுதலாக் கேட்டாங்கன்னு, மிராசுதார் ஆளுங்க எங்க தெருவையே கொளுத்திட்டாங்க. வாய்க்கால் பக்கத்துலதான். ஆனா தண்ணி மொண்டு வர்றதுக்குள்ள…

யூனுஸ்: யா அல்லா… வீட்ல?

அரசப்பன்: அம்மாவும் தங்கச்சியும் போயிட்டாங்க. சேலை விக்க வந்த ஒரு அம்மா, மூட்டையப் போட்டுட்டு உள்ள பாஞ்சு என்னத் தூக்கியாந்தாங்க.

யூனுஸ்: உம்மாவும் அங்கெல்லாம் தலைச்சுமையா சேலை வித்தவங்கதான்! உம்மா, அது யாருன்னு தெரியுமா?

அரசப்பன்: இவங்கதான், பாய். வேலை பேச வந்தன்னிக்கே மொகத்த வச்சுக் கண்டுபுடிச்சிட்டேன். சொன்னா, நன்றிக்காகப் பேசுறான்னு நெனைப்பீங்க. நான் சொல்ற வகை எடுபடாது… அதான் சொல்லல.

யூனுஸ்: உம்மா… அழறீங்களா?

ஷம்சாத்: எனக்கும் அன்னிக்கே தெரியும்டா. காதுக்குப் பின்னாடி அந்தத் தழும்பு… 'தங்கச்சிய ஏன் விட்டுட்டு வந்தே'ன்னு கேட்ருவானோன்னு, வாயே தொறக்கல.

அரசப்பன்: அம்மா… கூரை சரியுறப்ப என்ன உங்க கையில தள்ளிவிட்டதே எங்கம்மாதான். 'இவனக் கொண்டு போயிரு தாயி'ன்னு அவ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அவ கேட்டத நீங்க செஞ்சிட்டீங்க.