பத்து மணிக்குள் ஒரு வார்த்தை

நாகலூரிலிருந்து ஏற்காடு போகும் பஸ். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிம்மதியாக இருக்க விட்டவன். முன் சீட்டில் ஒரு அம்மா, பக்கத்தில் பரீட்சைக்கு இங்கிலீஷ் வார்த்தைகள் படிக்கும் மகள்.

“இங்கிலீஷ்ல கட்டறதுக்கு ரெண்டு வார்த்தை, இடிக்கறதுக்கு ஆறு வார்த்தையா கண்ணு?”

“ஆமாம்மா.”

“ஏற்காட்டுல நம்ம பஜ்ஜிக் கடையை எடுக்கச் சொல்லி வந்த நோட்டீஸ்ல எந்த வார்த்தை போட்டிருக்குது?”

“ரெண்டு இருக்குதும்மா. இன்னைக்குப் பத்து மணிக்குள்ள நாமளே பிரிச்சா டிஸ்மேன்டில். அதுக்கப்புறம் ஜேசிபி வந்தா டெமாலிஷ்.”

“எப்படியும் கடை போயிருது. அப்புறம் என்ன வித்தியாசம்?”

“டிஸ்மேன்டில்னா தகரம் நமக்கு மிஞ்சும்.”

அம்மா என் வாட்ச்சை எட்டிப் பார்த்தார். ஒன்பதே முக்கால்.

“ஏனுங்க டிரைவரண்ணா, நாங்க டிஸ்மேன்டிலுக்குப் போகோணுமுங்க. கொஞ்சம் வெரசா ஓட்டுங்க.”