போன வாரம் விட்டாங்களே

தேன் திரவமா இல்லையா என்று கேட்டால் இன்றுவரை எனக்குத் தெரியாது, மேடம். பன்னிரண்டு வருஷமாக விமான நிலையத்தில் பயணிகளின் கைப்பையைச் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். அது தெரியாமலேயே காலத்தை ஓட்டிவிட்டேன். காலை ஷிப்ட் இன்சார்ஜ், கவிழ்த்தால் கொட்டுவதெல்லாம் திரவம் என்பார். மாலை ஷிப்ட் இன்சார்ஜ், பிதுக்கினால் வருவதெல்லாம் திரவம் என்பார். கண்ணாடிக் குப்பியில் இருக்கும் தேனைப் பிதுக்க முடியாது, ஆகவே அது மாலையில் போகலாம். டூத்பேஸ்ட்டைக் கவிழ்த்தால் கொட்டாது, ஆகவே அது காலையில் போகலாம். இரண்டையும் வைத்திருக்கிற அப்பாவி எந்த நேரத்தில் வந்தாலும் ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டு இன்சார்ஜும் லீவு போட்ட நாளில் வருகிறவர், "பார்த்துப் பண்ணுங்கப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

நீங்கள் விசாரிக்க வந்தது அந்த அம்மாவைப் பற்றித்தான். வருகிறேன். எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு வேறு மாதிரி தெரியும்.

பயணிகள் திட்டுவார்கள். அது பழகிவிடும். குழந்தையின் பால்புட்டியைத் திறக்கச் சொல்கிறவன் என்ன மனுஷன் என்று என்னைக் கேட்காத ஆளில்லை. அதெல்லாம் ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டுவிடலாம். விட முடியாதது ஒரே ஒரு பேச்சுதான். "போன வாரம் விட்டாங்களே." இதற்குப் பதில் கிடையாது, மேடம். ஏனென்றால் உண்மையிலேயே போன வாரம் விட்டிருப்பார்கள். அநேகமாக நானே விட்டிருப்பேன். அப்போது வேறு இன்சார்ஜ், வேறு உத்தரவு. இதையெல்லாம் பயணியிடம் சொல்ல முடியுமா? மென்று முழுங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒரு நாளைக்கு நூறு பேர் முன்னால் அப்படி நின்று பாருங்கள், வீட்டுக்குப் போனதும் சொந்த மனைவி ஏதாவது கேட்டால்கூடப் பதில் சொல்லத் தெம்பு இருக்காது.

இதற்கு எங்களுக்குள் ஒரு வழி வைத்திருந்தோம். சோதனைக் கூடத்தில் மொத்தம் மூன்று வரிசை. மூன்றாவது வரிசை தூணுக்குப் பின்னால் ஒதுங்கி இருக்கும். அங்கே நிற்பவர் ரிட்டையர் ஆகப்போகிற ஒரு பெண். முட்டிவலி அக்கா என்போம். நாள் முழுக்க நின்று நின்று முட்டி போய்விட்டது. எதையும் கிளறிப் பார்க்க மாட்டார். யாரைப் பார்த்தாவது மனசு இளகினால் நாங்கள் ட்ரேயைத் தள்ளும்போது வாய்க்குள்ளேயே, "மூணுல போங்க" என்போம். அவ்வளவுதான். அம்மாவுக்கு வாங்கிய தைலம், பேரனுக்குச் செய்த ஜாம், எல்லாம் மூன்று வழியாகப் போய்ச் சேரும். இன்சார்ஜுகளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்கள். விதியில் இல்லாத இரக்கத்தை எல்லாம் அந்தத் தூணுக்குப் பின்னால் வைத்திருந்தோம் என்று சொல்லலாம்.

அந்த அம்மா ஒரு ஆடிட்டர். ஊர் ஊராகப் போய்க் கம்பெனிக் கணக்குகளைச் சரிபார்க்கிற வேலை. திங்கட்கிழமை தவறாமல் வருவார். கோடு போட்ட ஒரு துணிப்பை, கறுப்புக் கண்ணாடி, எப்போதும் பாதிச் சிரிப்பு. எங்கேயாவது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் அவருக்குக் கை அரிக்கும் போலிருக்கிறது. "போன வாரம் நகவெட்டி போகலாம்னீங்க, அதுக்கு முந்தின வாரம் கூடாதுன்னீங்க, இந்த வாரம் என்ன?" என்பார். கோபமே இருக்காது. அதுதான் கஷ்டம். நாங்கள் அவருக்கு வைத்த பெயரே 'போன வாரம்'. தூரத்தில் அந்தப் பை தெரிந்தால், "போன வாரம் வருது, உஷார்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

ஒரு திங்கட்கிழமை அவருடைய முகக் க்ரீம் டப்பாவை எடுத்து வைத்துவிட்டேன். அன்று காலைதான் இன்சார்ஜ் க்ரீம் எதையும் விடாதே என்று சொல்லியிருந்தார். அந்த அம்மா இன்சார்ஜைக் கூப்பிடச் சொன்னார். அவர் வந்தார். என்னிடம் சொன்ன வாயின் ஈரம் இன்னும் காயவில்லை, அந்த டப்பாவைத் தானே எடுத்து நீட்டி, "மன்னிச்சிடுங்க மேடம், இவர் கொஞ்சம் புதுசு" என்றார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "இவரா புதுசு? இவரை எத்தனை வருஷமா பார்க்கறேன்!" என்று சிரித்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து என் பெயர் 'புதுசு'. தரை துடைக்கிறவர்கூட, "என்ன புதுசு சார், சாப்பிட்டாச்சா?" என்பார். வீட்டில் சொன்னேன். மனைவி ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன், அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெண் ஒரு வாரம் என்னைப் 'புது அப்பா' என்று கூப்பிட்டாள். நானும் சிரித்தேன். இதற்கெல்லாம் ஒருவர்மேல் வன்மம் வைக்கிற ஆள் இல்லை நான். என்னை அறிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை. காலையில் இன்சார்ஜ் எங்களை நிற்க வைத்து, "ஊசி எதுவா இருந்தாலும் டாக்டர் லெட்டர் ஒரிஜினல் இருந்தாத்தான் விடணும். போன்ல காட்டினா ஒத்துக்காதீங்க" என்றார். மத்தியானத்துக்குள் அதை அவரே வாபஸ் வாங்கிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். காலையில் அது உத்தரவு.

அந்த அம்மாவின் பையில் ஒரு ஊசி எப்போதும் இருக்கும். பேனா மாதிரி இருக்கும். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் வைத்திருப்பது. தப்பித் தவறித் துளி உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துக்கொள்ளும். உடனே தொடையில் குத்திக்கொள்ள வேண்டும். எத்தனையோ திங்கட்கிழமை அதை ஸ்கேனர் திரையில் பார்த்துப் பார்த்து விட்டிருக்கிறேன்.

"ஒரிஜினல் லெட்டர் இருக்கா மேடம்?" என்றேன்.

அவர் போனைக் காட்டினார். "போன வாரமும் போன்லதானே காட்டினேன்? நீங்கதானே பார்த்தீங்க. நீங்க என்ன புதுசா, உங்களுக்குத் தெரியாதா?"

என்மேல் உள்ள நம்பிக்கையில்தான் அப்படிச் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது பக்கத்து வரிசைப் பையன்கள் இருவர் குனிந்து சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பெரிய அசதி ஒன்று வந்தது. ஒரு நாளைக்காவது விதி விதியாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். யார் சிரித்தாலும், யார் போன வாரத்தை இழுத்தாலும், எல்லாருக்கும் ஒரே மாதிரி. அது பெரிய குற்றமா?

இன்சார்ஜைக் கூப்பிடச் சொன்னார். மீட்டிங்கில் இருக்கிறார் என்றேன். அவர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். மூன்றாம் வரிசைக்குப் போங்கள் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தார் என நினைக்கிறேன். அடிக்கடி வருகிறவர்களுக்கு எங்கள் வழக்கம் தெரியும். நான் அதைச் சொல்லாமல் அடுத்த ட்ரேயை இழுத்தேன். அவரே பையை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார்.

நான் இன்டர்காமை எடுத்தேன். "அக்கா, கோடு போட்ட பை வருது. அதுல ஊசி இருக்கு. வாங்கி வச்சிடுங்க, இன்சார்ஜ் கண்டிப்பா சொல்லிட்டார்" என்றேன். இன்சார்ஜ் பெயரைச் சொன்னால் அக்கா மறுபேச்சில்லாமல் செய்துவிடுவார். பென்ஷன் பயம். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். உங்களிடம் முதலில் வந்து சொன்னதும் அவராகத்தான் இருக்கும். அன்றிலிருந்து தூங்கவில்லை என்று சொன்னார்கள்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா ஊசியை அக்காவிடம் கொடுத்துவிட்டு என்னிடமே திரும்பி வந்தார். பாதிச் சிரிப்பு இல்லை. முகம் சுண்டிப்போயிருந்தது. கடைசி அழைப்பு கொடுத்துவிட்டார்கள்.

"தம்பி, இன்னொரு ஊசி பெட்டியில இருக்கு, பெட்டி கீழ போயிடுச்சு. இறங்கினாத்தான் எடுக்க முடியும். இது இல்லாம நான் ஏறினதே இல்ல. போகலாமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒரு மணி நேரம்தானே மேடம்" என்றேன். "என் பொண்ணுக்கும் இதே கடலைதான் ஆகாது. ஊசியே இல்லாம எத்தனையோ தடவை ஃப்ளைட்ல கூட்டிட்டுப் போயிருக்கேன். ஒண்ணும் ஆகாது, தைரியமா போங்க."

அவர் முகம் தெளிந்தது. "அப்படியா? பாவம், குழந்தைக்கு எத்தனை வயசு?" என்று கேட்டார். சொன்னேன். "பத்திரமா பார்த்துக்கோங்க. தேங்க்ஸ் தம்பி" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

என் பெண்ணுக்குக் கடலை ஆகாது என்பது உண்மை. அவள் விமானத்தில் ஏறியதே இல்லை. அவளுடைய பள்ளிக்கூடப் பையில் அந்த ஊசிக்கென்று என் மனைவி தனியாக ஒரு உறை தைத்து வைத்திருக்கிறாள். ஊசி இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூட அவளை அனுப்ப மாட்டேன். ஒரு தடவை மறந்துவிட்டுப் பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் எழுத வேண்டாம். எங்கள் விமான நிலையத்தில் அந்த ஊசியைப் பற்றி என் அளவுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஒரிஜினல் கடிதத்தோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் ட்ரேயில் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் காட்சியை மனசுக்குள் பார்த்துக்கொண்டுதான் அன்றைய வேலையை முடித்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

பக்கத்து இருக்கைக்காரர் ஒரு கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாராம். விமானத்தில் மருந்துப் பெட்டி இருந்ததாம், அதைத் திறந்து கொடுக்க டாக்டர் யாரும் இல்லையாம். சாயங்காலம் டிவியில் சொன்னார்கள். என் மனைவி சமையலை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள். "ஊசி இல்லாம எப்படிங்க ஏறினாங்க? அவ்வளவு அசட்டையாவா இருப்பாங்க?" என்றாள். "மறந்திருப்பாங்க" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பெண்ணின் பையைத் திறந்து பார்த்தாள். ஊசி இருந்தது.

சில நாள் கழித்து அந்த அம்மாவின் கணவர் வந்தார். சாதுவான மனிதர், சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தார். மனைவியின் பையை எப்போதும் அவர்தான் அடுக்கித் தருவாராம். "சார், கைப்பையில ஊசி வைக்க நான் மறந்துட்டேனோன்னு சந்தேகமா இருக்கு. பெட்டியில ஒண்ணுதான் இருந்துச்சு. இங்க எதாவது வாங்கி வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார்.

"இங்க எதுவும் வாங்கலை சார். வீட்டுல நல்லா தேடிப் பாருங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப நான்தான்" என்று சொன்னார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. வெளியே போகிற வழியை இரண்டு தடவை தவறவிட்டார், நான்தான் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். அவரிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள், மேடம், அது அவர் இல்லை என்று. முதலில் ஊசி கூடாது என்றது விதி. மூன்றாம் வரிசையை அடைத்தது நான். ஏறச் சொன்னதும் நான். ஊசி இல்லாமல் ஏறினால் என்ன ஆகலாம் என்று தெரிந்தேதான் சொன்னேன். இதை எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் ஆளைப் பார்த்துச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். எனக்கு எல்லாரும் ஒன்று.

கேமராவில் அடுத்து வருகிற பெரியவரைப் பற்றிக் கேட்கிறீர்கள். அந்த அம்மா மூன்றாம் வரிசைக்கு நடந்துகொண்டிருந்தபோது வந்தவர். ஆமாம், அவர் பையிலும் அதே ஊசி இருந்தது. கடிதமே இல்லை, போனில்கூட இல்லை. "சார், கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க சார்" என்றார். பையை மூடி நானே தூக்கிக் கொடுத்தேன். மரியாதை தெரிந்த மனுஷன்.