வீராயியைத் தேடிப் போன அம்மாவுக்கு

முப்பத்தோராண்டு முகம் சுளிக்காமல் முறைவேலை பார்த்த முதன்மைச் செவிலியரே! பெரம்பலூர் பஸ் பிந்தினாலும் தாம் பிந்தாத பெருந்தகையே! ஊசிக்கு அஞ்சுவோரை உரையாலேயே உட்கார வைத்த உத்தமியே! எங்கள் பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து இன்று ஓய்வுபெறும் மலர்க்கொடி அம்மா அவர்களே, வணக்கம்.

அன்பு, அறிவு, அடக்கம் என்று அடுக்கத்தான் உட்கார்ந்தோம். அடுக்கியதைப் படித்தால் அது யாருக்கும் பொருந்தும் போலிருந்தது. உங்களுக்கு மட்டுமே பொருந்துவது வீராயியின் கதை. நம் ஆய்வகப் பூங்குழலியே சொல்லச் சொன்னதால் சபையறியச் சொல்கிறோம்.

ஆறாண்டுகளுக்கு முன், திருமானூரிலிருந்து வேலைக்கு வரும் ஆய்வக நுட்பநர் பூங்குழலிக்கு நா வறண்டது, தலை சுற்றியது. ஊரார் இரத்தத்தையெல்லாம் சோதிப்பவளுக்குத் தன்னுடையதைச் சோதிக்க வெட்கம். ஆஸ்பத்திரிக்காரிக்கே சர்க்கரையா என்று நாலு பேர் கேட்பார்களே! ஆளில்லாத நேரம் பார்த்துத் தன் கையில் தானே ஊசி குத்தினாள். டியூபில், ‘வீராயி, விக்கிரமங்கலம்’ என்று மனம்போன பெயரை எழுதினாள். முடிவு முந்நூற்று எண்பது. பயந்துபோய் அந்த முடிவுத் தாளை மற்றத் தாள்களோடு செருகிவிட்டு, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தன்னையே ஏய்த்துக்கொண்டாள்.

மறுநாளே அது உங்கள் கண்ணில் பட்டது. இவ்வளவு சர்க்கரையோடு ஒருத்தி மருந்தில்லாமல் வீடு போய்விட்டாளே என்று பதறினீர்கள். வார்டு வார்டாகக் கூப்பிட்டுப் பார்த்தீர்கள். மூன்றாம் நாள் விடுப்பெடுத்து விக்கிரமங்கலத்துக்கே பஸ் ஏறினீர்கள். அங்கே நான்கு வீராயிகள் இருந்தார்கள்; நால்வருமே நம் வாசலை மிதித்ததில்லை. சும்மா வருவீர்களா, நால்வருக்கும் சோதித்துவிட்டே திரும்பினீர்கள்.

“அந்தம்மா எங்க மயங்கிக் கெடக்கோ” என்று நீங்கள் வெயிலில் கறுத்த முகத்தோடு சொன்னபோது பூங்குழலிக்குப் பொறுக்கவில்லை.

“அந்த வீராயி நான்தாங்கம்மா” என்றாள்.

வசவுக்குத் தயாராக நின்றாள். நீங்களோ நோயாளி உட்காரும் முக்காலியை இழுத்துப் போட்டீர்கள். “உக்காரு புள்ள. ஊருக்குச் சொல்றத உனக்கும் ஒருதடவ சொல்றேன்.”

அதன்பின் மருத்துவர் முதல் காவலாளி மதுரைவீரன் வரை, மூன்று மாதத்துக்கொரு முறை அதே முக்காலியில் சொந்தப் பெயரில் இரத்தம் தந்தோம். முடிவு என்ன சொல்கிறது என்பதை எங்கள் வாயாலேயே விளக்கச் சொன்னீர்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் அங்கேதான் பழகினோம்.

மதியம் ஒரு மணிக்கு, “வீராயி சாப்டாச்சா?” என்று ஆய்வக வாசலில் உங்கள் குரல் கேட்கும். நேற்று நீங்கள் பொறுப்பை ஒப்படைக்கப் போயிருந்தீர்கள். பூங்குழலி டிபன் பாக்ஸைத் திறக்காமல் வாசலையே பார்த்திருந்தாள். எங்களுக்கும் சோறு இறங்கவில்லை. நாளை முதல் எப்படியோ!

அம்மா, ஒரு குறையும் உண்டு. எல்லோரையும் உட்கார வைத்த நீங்கள் அந்த முக்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. எனக்கென்ன என்று நழுவியே ஆறாண்டைக் கடத்திவிட்டீர்கள். சொந்த ஊரான தா.பழூருக்குப் போய் நோயின்றி நூறாண்டு வாழ வாழ்த்துகிறோம். ஆனால் வெறும் வாழ்த்தை நம்பாதே என்று சொல்லித்தந்தவரும் நீங்கள்தான்.

முக்காலியை மேடைக்கே கொண்டுவந்துவிட்டோம். பொன்னாடைக்கு முன் கையை நீட்டுங்கள். பூங்குழலி டியூபில் உங்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறாள். முடிவை வாங்க வாருங்கள். மூன்று மாதம் கழித்தும் வாருங்கள். சர்க்கரை சரியாகவே இருந்தாலும் வாருங்கள் அம்மா, உங்களைப் பார்க்காமல் எங்களுக்கு இருப்புக்கொள்ளாது.

என்றும் உங்கள் முக்காலிக்குக் கட்டுப்பட்ட,
வீராயி உள்ளிட்ட ஊழியர்கள்