அழாமல் டாட்டா காட்டும் குழந்தை

பேச்சாளர்: சிரிச்சாங்களே... கேட்டியா? கடைசி வரிசை வரைக்கும் சிரிச்சாங்க.

மனைவி: மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் மடியில கண்ணை மூடினா.

பேச்சாளர்: மண்டபம் நிறைய பெத்தவங்க. மேடை நடுவுல நான் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கேன். ரெண்டு கையையும் நீட்டி, "வாடா சிட்டு, அப்பாகிட்ட ஓடி வா"ங்கிறேன். இவ என்னடான்னா...

மனைவி: "மாமா"ன்னா.

பேச்சாளர்: திரும்பச் சொல்லாத!

மனைவி: நீங்கதானே ஆரம்பிச்சீங்க.

பேச்சாளர்: அதையும் மைக்குக்கு நேரா வந்து சொல்லணுமா?

மனைவி: ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு மைக் எதுன்னு தெரியுமா? உங்க காலர்ல பளபளன்னு தொங்குச்சு, பிடிக்க வந்தா. உங்களைப் பார்த்து வந்தான்னு நினைச்சுக்கிட்டீங்க. ஆமா... அதை அணைச்சீங்களா?

பேச்சாளர்: கழட்டி மேசையில வச்சாச்சு.

மனைவி: அணைச்சீங்களான்னு கேட்டேன்.

பேச்சாளர்: பேட்டரியையே உருவிட்டேன், போதுமா? மூணாவது வரிசையில ஒருத்தர் எழுந்து, "அப்ப அப்பா யாரு சார்?"னு கேட்டாரே... நீயும் சிரிச்ச. பார்த்தேன்.

மனைவி: சிரிக்கல. முகத்தைப் பொத்திக்கிட்டேன். ரெண்டும் தூரத்துல இருந்து ஒரே மாதிரிதான் தெரியும்.

அமைப்பாளர்: சார்... உள்ள வரலாமா? டீ கொண்டாந்திருக்கேன். சபை அப்படியே உங்க கைக்குள்ள வந்துடுச்சு சார்! என்ன சிரிப்பு, என்ன சிரிப்பு!

பேச்சாளர்: அது... அந்தச் சிரிப்பு...

அமைப்பாளர்: நகைச்சுவைக்காக நீங்களே சொல்லிக் கொடுத்து வச்சதுதானே சார்? நான் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.

பேச்சாளர்: ஆமா... ஒரு வகையில...

மனைவி: எந்த வகையில?

பேச்சாளர்: நீ சும்மா இரு.

அமைப்பாளர்: விழாத் தலைவர் மட்டும் கொஞ்சம் முகத்தைச் சுளிச்சார். அவர் கையாலதானே சார் கேடயம். "மழலை மனச் சிற்பி"ன்னு பொறிச்சாச்சு. இடைவேளை முடிஞ்சதும் பாப்பா டாட்டா காட்டிட்டான்னா எல்லாம் சரியாயிடும். அட்டையில ஒரு கதவே செஞ்சு வச்சிருக்கோம் சார். கைப்பிடி மட்டும் நிஜம்.

மனைவி: எதுக்குங்க கதவு?

அமைப்பாளர்: என்ன மேடம் இப்படிக் கேட்கிறீங்க! சாரோட வீடியோவுக்குத்தானே ஊரே வந்திருக்கு. சார் மண்டி போட்டு, பாப்பா கண்ணைப் பார்த்து, "அப்பா வேலைக்குப் போயிட்டு வர்றேன்"னு சொல்வார். பாப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாம டாட்டா காட்டும். அதை நேர்ல பார்க்கணும்னுதான் காலையில இருந்து உட்கார்ந்திருக்காங்க.

மனைவி: பாப்பா தூங்குறாளே.

அமைப்பாளர்: எழுப்பிடலாம் மேடம்.

மனைவி: தூங்குற குழந்தையை எழுப்புறது அதோட மனசுல கல்லெறியற மாதிரின்னு இப்பத்தான் மேடையில சொன்னார். நீங்க கூட கை தட்டினீங்க.

அமைப்பாளர்: தட்டினேன் மேடம். ஆனா அது... பொதுவான குழந்தைங்களுக்கு. நான் வெளிய இருக்கேன் சார். குரல் கொடுக்கிறேன்.

பேச்சாளர்: போயிட்டானா? கதவைச் சாத்து.

மனைவி: மடியில பிள்ளை. நீங்களே சாத்துங்க, உங்களுக்குத்தான் சத்தம் இல்லாம சாத்த வருமே.

பேச்சாளர்: இப்ப எதுக்கு அந்தக் குத்தல்? இங்க பாரு, எனக்கு ஒரு வழி தோணுது. நீயும் மேடைக்கு வா. வந்து... என்னை ஒரு தடவை "மாமா"ன்னு கூப்பிடு.

மனைவி: என்னது?

பேச்சாளர்: வீட்டுல நீ என்னை அப்படித்தான் கூப்பிடுவ, அதைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளைக்கும் அதே வருதுன்னு சொல்லிடறேன். உலகத்துல எத்தனை பொம்பளைங்க புருஷனை மாமாங்கிறாங்க! யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. நல்ல கதையாவும் இருக்கும்.

மனைவி: கல்யாணமான நாள்ல இருந்து "என்னங்க"வைத் தாண்டாதவ நான்.

பேச்சாளர்: ஒரே ஒரு தடவை.

மனைவி: வெட்கமா இல்ல?

பேச்சாளர்: இருக்கு. அதனாலதான் கேட்கிறேன்.

மனைவி: ...மாட்டேன்.

பேச்சாளர்: தண்ணி கேன் போடுறவரை மாமாங்கிறா. மேல் வீட்டுக்காரரை மாமாங்கிறா. அந்த வரிசையில என்னையும் நிறுத்திட்டாளே... வீட்டுல இருக்கிற நீ ஒரு வார்த்தை சொல்லித் தரக் கூடாதா?

மனைவி: அவ மேல என்ன தப்பு? எல்லாரும் ஒரே மாதிரிதானே வர்றீங்க. மணி அடிக்கிறீங்க, கொண்டாந்ததை இறக்கி வைக்கிறீங்க, போயிடறீங்க. கேன்காரராவது நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவார்.

பேச்சாளர்: நான் பேசலையா? மண்டி போட்டு, கண்ணைப் பார்த்து...

மனைவி: கேமரா இருந்தா. மத்த நாளெல்லாம் செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு பூனை மாதிரி நழுவுறது யாரு? ஒரு நாள் வலது கால் செருப்பு வாசல்ல விழுந்து, அதை எடுக்கக் கூட வராம லிஃப்டுல ஏறிட்டீங்க. விமானத்துக்கு எப்படிப் போனீங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

பேச்சாளர்: பெட்டியில ஷூ இருந்துச்சு.

மனைவி: எங்க போனீங்க அன்னைக்கு?

பேச்சாளர்: ...பேசத்தான்.

மனைவி: எதைப் பத்தி?

பேச்சாளர்: விடு.

மனைவி: தலைப்பு என்ன?

பேச்சாளர்: "குழந்தையிடம் சொல்லாமல் கிளம்பாதீர்கள்." போதுமா? சந்தோஷமா?

மனைவி: சந்தோஷமெல்லாம் இல்லங்க. கண்ணாடி போட்ட ஒரு அம்மா கேட்டாங்களே, காலையில... அவங்க முகம்தான் கண்ணுக்குள்ளயே நிக்குது.

பேச்சாளர்: எந்த அம்மா?

மனைவி: வேலைக்குக் கிளம்பறப்பல்லாம் பையன் காலைக் கட்டிக்கிட்டு அழறானாம். உங்க வீடியோவைப் போட்டுப் பார்த்து, அதே மாதிரி மண்டி போட்டு, அதே வார்த்தையைச் சொல்லியும் அழறானாம். "நான் எங்க சார் தப்பு பண்றேன்?"னு கேட்டாங்க.

பேச்சாளர்: ம்.

மனைவி: என்ன சொன்னீங்க அவங்களுக்கு?

பேச்சாளர்: நேரம் கம்மியா இருந்துச்சு.

மனைவி: "உங்க பிணைப்புல எங்கேயோ ஒரு விரிசல் இருக்கும்மா"ன்னு சொன்னீங்க. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அவங்க உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து திறந்து மூடிக்கிட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம் தலையைத் தூக்கவே இல்ல.

பேச்சாளர்: ...அந்தக் கேள்விக்கு என்ன பதில்னு தெரியுமா உனக்கு?

மனைவி: எனக்கெப்படித் தெரியும்? சிற்பி நீங்கதானே.

பேச்சாளர்: அழறதுதான் சரி.

மனைவி: என்ன?

பேச்சாளர்: இந்த வயசுல அழணும். அம்மாவோ அப்பாவோ கிளம்பறப்ப பிள்ளை அழுதா, இவங்க என் ஆளுன்னு அதுக்குப் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம். அழும், திரும்பி வந்ததும் தோள்ல ஏறிக்கும். இதெல்லாம் முதல் பாடம். அந்த அம்மாகிட்ட ஒரு தப்பும் இல்ல.

மனைவி: தெரிஞ்சேவா அப்படிச் சொன்னீங்க?

பேச்சாளர்: முன்னாடியெல்லாம் இதைத்தான் பேசிக்கிட்டிருந்தேன். இருபது பேர் வருவாங்க, பாதிப் பேர் தூங்குவாங்க. அப்புறம் அந்த வீடியோ பரவிடுச்சு. அழாத குழந்தையை எப்படி வளர்க்கிறதுன்னு கேட்டு வர்றவங்ககிட்ட, அழுதாத்தான் நல்லதுன்னு போய்ச் சொல்ல முடியுமா? அந்தப் பாடத்தை மட்டும்... தாண்டிட்டேன்.

மனைவி: தாண்டிட்டீங்க. வாசல்ல கிடந்த செருப்பைத் தாண்டின மாதிரி.

பேச்சாளர்: திட்டு. நல்லாத் திட்டு.

மனைவி: திட்டல. ஒண்ணு கேட்கிறேன். அந்த வீடியோவுல புல்லாங்குழல் எதுக்கு?

பேச்சாளர்: எதுக்குன்னா... மனசுக்கு இதமா இருக்கட்டும்னு.

மனைவி: நீங்க பேசற வரைக்கும் உங்க குரல் கேட்குது. சிட்டு வாயைத் திறந்ததும் புல்லாங்குழல் வந்துடுது.

பேச்சாளர்: அவ குரல் சரியாப் பதிவாகல.

மனைவி: டாட்டாவுக்கு அப்புறமும் அவ உதடு அசையுது. நான் எத்தனையோ தடவை பார்த்துட்டேன். அவ சொன்னதைக் கேட்டீங்கல்ல?

பேச்சாளர்: ...கேட்டேன்.

மனைவி: என்னன்னா?

பேச்சாளர்: "டாட்டா மாமா"ன்னா. எவ்வளவு தெளிவா! அன்னைக்கு ஹோட்டல்ல உட்கார்ந்து, வேற எதுவோ சொல்றாளோன்னு திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அப்புறம்... புல்லாங்குழலை ஏத்திட்டேன்.

மனைவி: அப்ப இன்னைக்கு மேடையில அவ சொன்னது உங்களுக்குப் புதுசில்ல.

பேச்சாளர்: இல்ல.

மனைவி: தெரிஞ்சுமா கூட்டத்துக்கு நடுவுல கூப்பிட்டீங்க?

பேச்சாளர்: இன்னைக்காவது அப்பான்னுடுவாளோன்னு... காலையில இருந்து பாக்கெட்டுல பிஸ்கட் வச்சிருந்தேன். பாரு, தூளாக் கிடக்கு. பிணைப்பைப் பத்தி ஊருக்கெல்லாம் வகுப்பு எடுக்கிறவன், பெத்த பொண்ணுக்குப் பிஸ்கட் காட்டிக்கிட்டு நிக்கிறேன்.

மனைவி: சொல்லியிருக்கலாமே என்கிட்ட.

பேச்சாளர்: என்னன்னு சொல்வேன்? என் பிள்ளைக்கு என்னை அடையாளம் தெரியலன்னா? இப்பல்லாம் வீட்டுக்கு வந்தாலும் கீழ கார்லயே உட்கார்ந்திருப்பேன், படுக்கையறை விளக்கு அணையற வரைக்கும். நீ என்னவோ நான் லேட்டா வர்றேன்னு நினைச்சுக்கிட்டிருக்க. மேல வந்தா உன் காலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு எட்டிப் பார்ப்பா பாரு... வந்த விருந்தாளி எப்பக் கிளம்புவான்னு பார்க்கிற மாதிரி. அதைப் பார்க்கத் தைரியம் இல்ல.

அமைப்பாளர்: சார்! எல்லாரும் உட்கார்ந்துட்டாங்க! கதவை நடுமேடையில நிறுத்தியாச்சு!

பேச்சாளர்: ஒரு நிமிஷம்!

அமைப்பாளர்: பாப்பா முழிச்சாச்சா சார்? மேடம், கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்களேன்!

மனைவி: உங்க மேலயா?

அமைப்பாளர்: ...நான் முன்னாடி போறேன் சார்.

பேச்சாளர்: ஒண்ணு மட்டும் சொல்லு. நான் கிளம்பிப் போனதுக்கப்புறம்... இவ ஒரு தடவையாவது அழுதிருக்காளா?

மனைவி: இப்ப எதுக்கு அது?

பேச்சாளர்: அழுதிருந்தா, மேடை ஏறி முதல் வேலையா அந்தக் கண்ணாடி போட்ட அம்மாகிட்ட, "என் பொண்ணும் அழுவாம்மா, நான்தான் மறைச்சேன், உங்க பையன் சரியாத்தான் இருக்கான்"னு சொல்லிடுவேன். கேடயத்தை யாருக்கு வேணும்னாலும் கொடுக்கட்டும். அழுததே இல்லன்னா... அங்க போய்ச் சொல்றதுக்கு எனக்கு எதுவும் இல்ல. அட்டைக் கதவைத் திறந்துக்கிட்டு அப்படியே வெளிய போயிடலாம். மழுப்பாத. எதுவா இருந்தாலும் தாங்கிக்கிறேன்.

மனைவி: உங்களை இவ்வளவு நேரம் குத்திக்கிட்டே இருந்தேன்ல... நான் பேசவே கூடாது. எனக்குத்தான் வாய் இருக்கக் கூடாது.

பேச்சாளர்: ஏய்... எதுக்கு நீ அழற? பிள்ளை முழிச்சுக்கப் போகுது. அழுதாளா இல்லையா, அதை மட்டும் சொல்லு.

மனைவி: அழுதா. ஒவ்வொரு தடவையும் அழுதா. நீங்க இல்லன்னு தெரிஞ்சதும் கதவுக்குக் கீழ இருக்கிற சந்துல விரலை விட்டுக்கிட்டு, அப்பா அப்பான்னு, குரல் கம்மிப் போற வரைக்கும்... குடிச்ச பாலெல்லாம் கக்கிடுவா. தூக்கினா என்னையே அடிப்பா. வந்து போற மாமாங்களுக்கு மட்டும் சிரிச்சுக்கிட்டே கை ஆட்டினா. என்னால முடியலங்க. உங்க போட்டோவைக் காட்டி, "இது மாமாடா கண்ணு, மாமா போயிட்டு வருவாங்க"ன்னேன். கொஞ்ச நாள்ல அழுகை நின்னு போச்சு. நீங்க வந்து அந்த வீடியோ எடுத்தது அதுக்கப்புறம்தான். சட்டுனு ஒண்ணும் மறந்துடல அவ... போட்டோவைப் பார்த்துப் பார்த்து அப்பான்னுதான் சொல்லிக்கிட்டிருந்தா. சொன்னப்பல்லாம் நான்தான் திருத்தினேன்.